யார் இல்லை என்று கேட்ட ஜப்பான் அக்கா

ஒரு நாற்காலியில் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் இருக்க எனக்கு வராது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் அடித்துப் பார்த்தார், கலியாணம் கட்டிய பிறகு மனைவி திட்டிப் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. அலுவலகத்தில் கணினியை உயரமான மேசையில் வைத்து நின்றுகொண்டேதான் வேலை செய்கிறேன். கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில், வெக்ஸ்போர்ட்டின் லோறன்ஸ் வீதியில், ஒரு மரக்கறிக் கடைக்கும் பல் வைத்தியரின் இடத்துக்கும் நடுவில் எங்கள் வாரப் பத்திரிகை இருக்கிறது. பத்திரிகை என்று நாங்கள்தான் சொல்லிக்கொள்கிறோம். வீடு விற்கும் முகவர்கள் கோட்டுப் போட்டுச் சிரிக்கும் படங்களுக்கு இடையில் மிஞ்சிய இடத்தில்தான் செய்தி வரும். மிஞ்சாவிட்டால் வராது.

அங்கே என் முதல் வேலை மரண அறிவித்தல் எழுதுவது. பிறப்பிடம், வதிவிடம், யாருடைய மகன், யாருடைய கணவர், யாருடைய தந்தை, யாருடைய மாமனார் என்று வரிசையாகப் போக வேண்டும். பெயருக்குப் பக்கத்தில் நாட்டையும் போட வேண்டும், லண்டன், பிரான்ஸ், சுவிஸ் என்று. மூத்த மருமகனின் பெயர் இளைய மருமகனின் பெயருக்குப் பிறகு வந்துவிட்டதற்காக, செத்த வீட்டுக்காரர் ஒருவர் என் மேசையில் குத்திவிட்டுப் போயிருக்கிறார். இருபத்தைந்து வருடமாக இதைச் செய்கிறேன். ஸ்காபரோவில் எந்தக் குடும்பத்தில் யார் யாரோடு கதைப்பதில்லை என்று என்னைக் கேட்டால் போதும்.

போன மார்ச் மாதம், பனி கரைந்து சேறாகக் கிடந்த ஒரு காலையில், ஒரு ஜப்பானியப் பெண்மணி உள்ளே வந்தார். வயது அறுபதுக்கு மேல். கையில் ஒரு தாள், நாலு மூலையிலும் ஒட்டுநாடா தொங்கியது. பக்கத்துக் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த அறிவித்தலை அப்படியே உரித்து எடுத்து வந்திருந்தார்.

"இதை உரிக்கக் கூடாது, நாளைக்கு மறுநாள்தான் இவருடைய இறுதிக் கிரியை" என்று ஆங்கிலத்தில் சீறினேன். அவர் முகம் சிவந்து குனிந்து மன்னிப்புக் கேட்டார். அதே வேகத்தில் கடைக்கு ஓடிப்போய், தாளை இருந்த இடத்திலேயே ஒட்டி, கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார். பிறகு படத்தைக் காட்டி, முதல் வரியிலிருந்து என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார்.

எனக்கு நின்று கதைக்க நேரமில்லை. ஆனாலும் வரி வரியாகச் சொன்னேன். எல்லாம் முடிந்த பிறகு அவர் கேட்டார்: "இதில் யார் இல்லை?"

எல்லோரும் இருக்கிறார்கள் என்றேன். பேரப்பிள்ளைகள்கூட இருக்கிறார்கள் என்றேன்.

"யாரும் விடுபடாத குடும்பம் ஒன்றை நான் இன்னும் காணவில்லை" என்றார். சண்டைக்கு வந்தவர்போல் அல்ல, மழை வரும்போல் இருக்கிறது என்று சொல்கிறவர்போல்.

நான் சிரித்துவிட்டு, தேநீர் வாங்க வேண்டுமென்று வெளியே போனேன். தேநீர் வாங்கவில்லை. எங்கள் கடைத்தொகுதியான பிளாசாவைச் சுற்றி மூன்று தரம் நடந்தேன்.

அலுவலகத்தில் அவருக்கு ஜப்பான் அக்கா என்று பெயர் வைத்தோம். கிழமைக்கு ஒருதரம் வந்தார். பக்கத்துக் கடை ரோல்ஸை கடதாசியில் பிடித்துச் சாப்பிட்டபடி தன் தொழில் கதையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். பல்கலைக்கழகம் முடித்ததும் ஒரு பத்திரிகையில் சேர்ந்திருக்கிறார். வடக்கே கடலோரத்தில் ஒரு சின்ன ஊருக்கு அனுப்பியிருக்கிறார்கள். புதிதாகச் சேருகிறவர்கள் எல்லோரும் காலையில் பொலிஸ் நிலையத்துக்குப் போக வேண்டும். விபத்தில் யாராவது செத்திருந்தால், மற்றப் பத்திரிகைக்காரர் போகுமுன் அந்த வீட்டுக்குப் போய், செத்தவரின் படம் ஒன்றைக் கேட்டு வாங்கி வர வேண்டும். இருபத்துமூன்று வயதுப் பெண், அழுகிற வீட்டின் வாசலில் நின்று படம் கேட்கிறாள்.

"எங்களுக்குப் படம் வட்சப்பில் வரும். அதோடு, அப்பாவின் தலைமயிரைக் கொஞ்சம் கறுப்பாக்கி விடுங்கோ என்றும் வரும்" என்றேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அந்த வாசல்களில் நின்றுதான் ஒன்றைக் கவனித்தாராம். ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் உள்ளறையிலிருந்து வெளியே வருவதில்லை. கதவு கொஞ்சம் திறந்திருக்கும், கால் தெரியும், ஆள் வராது. மறுநாள் பத்திரிகைச் செய்தியில் அந்த ஆள் இருக்கவே மாட்டார். பதினாலு வருடம் அப்படி எழுதியபின் வேலையை விட்டுவிட்டு, உள்ளறை ஆட்களைப் பற்றிப் புத்தகம் எழுதப் போயிருக்கிறார். மொத்தம் ஐந்து புத்தகங்கள். முதலாவது, படகுகள் திரும்பாத ஒரு மீன்பிடி ஊரைப் பற்றியது. இரண்டாவதுதான் நன்றாக விற்றது. ஒரு நாள் யாருக்கும் சொல்லாமல் வீட்டை விட்டு நடந்து போய்விடுகிறவர்களைப் பற்றியது.

அந்த இரண்டாவது புத்தகம்தான் அவரைக் கவிழ்த்தது. அதில் ஒருவருடைய கதையை மனைவி, தம்பி, அயலவர் என்று பலரிடம் கேட்டு எழுதியிருந்தார். அந்த மனிதர் செத்திருப்பார் என்றுதான் நினைத்தாராம். அவரோ வேறொரு நகரத்தில் விடுதிச் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். புத்தகத்தைப் படித்துவிட்டு ஒரு தபாலட்டை போட்டார். நீங்கள் எழுதியதில் பெரிய பிழை இல்லை, ஆனால் என்னிடம் கேட்கவில்லை என்று. முகவரி இல்லை.

மறுபதிப்பை நிறுத்தச் சொல்லிப் பதிப்பாளரோடு சண்டை பிடித்து, தோற்று, ஒன்றரை வருடம் அலைந்து அந்த மனிதரைக் கண்டுபிடித்திருக்கிறார். பாத்திரம் கழுவும் இடத்துக்குப் பின்னால், ஒரு மரப் பெட்டியில் உட்கார்ந்து, அவரைப் பற்றிய அத்தியாயத்தை அவருக்கே வாசித்துக் காட்டினார். அவர் இரண்டு இடத்தில் மட்டும் திருத்தம் சொன்னார்.

"அந்த இரண்டு இடத்தில்தான் புத்தகமே இருந்தது" என்றார் ஜப்பான் அக்கா.

அதற்குப் பிறகு அவருக்கு ஒரு விதி. புத்தகத்தில் வருகிறவர் யாராக இருந்தாலும், அச்சுக்குப் போகுமுன் அவர் எதிரில் இருந்து வாசித்துக் காட்ட வேண்டும். எழுதியதை முன்கூட்டிக் காட்டக் கூடாது என்பது பத்திரிகைத் தொழிலின் பாலபாடம். ஆகவே பழைய நண்பர்கள் சிரித்தார்கள். சஞ்சிகைகள் வேலை தருவதை நிறுத்தின. ஆறு வருடத்துக்கு ஒரு புத்தகம் என்று ஆனது. மகள் ரொறன்ரோவில் வேலை செய்வதால் இங்கே வந்து, இந்த நகரத்தில் வெளிநாட்டுக்காரர் தங்கள் சாவுகளை எப்படிச் சொல்கிறார்கள் என்று ஆறாவது புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். இதுதான் கடைசி என்றார். அதில் தமிழர் பகுதி நடுவில் வர வேண்டும், அதை நான் மொழிபெயர்த்து உதவ வேண்டும்.

சனிக்கிழமைகளில் வீடு வீடாகப் போனோம். அவரோடு போவது என் பொறுமைக்கு வந்த சோதனை. சப்பாத்தைக் கழற்றி, மூக்கு வாசலைப் பார்க்கத் திருப்பி வைப்பார். இனிப்புப் பெட்டியை இரண்டு கையாலும் கொடுப்பார். முதல் தரம் குறிப்புப் புத்தகத்தையே திறக்க மாட்டார். சும்மா இருந்து கதைத்துவிட்டு வந்து, அடுத்த கிழமை திரும்பவும் போக வேண்டும். எங்கள் சனமோ முதல் நாளே ஆல்பத்தைக் கொண்டுவந்து மடியில் வைத்து விடும். அண்ணை ஒருவர், தகப்பனின் அறிவித்தலில் தன் பட்டத்தை விட்டுவிட்டார்கள், இந்தப் புத்தகத்திலாவது போடச் சொல்லும் என்று என் காதில் சொன்னார். அதையும் மொழிபெயர்த்தேன். ஜப்பான் அக்கா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

வெக்ஸ்போர்ட்டில் ஒரு அப்பார்ட்மென்டில் இருக்கிற அன்ரி ஒருவரிடம் போனபோதுதான் மாட்டிக்கொண்டேன். அவர் எங்கள் ஊர்தான், அப்பாவை நன்றாகத் தெரியும். இருந்த கையோடு என்னைப் பார்த்துக் கேட்டார்:

"தம்பி, உங்கடை அப்பாவின்ரை மரண நோட்டீசில தங்கச்சியின்ரை பேரைக் காணேல்லை. ஏன் அப்பிடிச் செய்தனீங்கள்? பாவமெல்லே அந்தப் பிள்ளை."

ஜப்பான் அக்கா என் பக்கம் திரும்பி, என்ன சொல்கிறார் என்று கேட்டார்.

"தேநீர் ஆறிப்போகிறது, குடிக்கச் சொல்கிறார்" என்றேன்.

தேநீர் இன்னும் வரவில்லை. அடுப்பில் தண்ணீர் கொதிக்கிற சத்தம் மூன்று பேருக்கும் கேட்டது. ஜப்பான் அக்கா வெறும் மேசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு அன்ரிக்கு நன்றி சொல்வதுபோல் தலையைக் குனிந்தார்.

பஸ்ஸில் திரும்பும்போது அவர் ஒன்றும் கேட்கவில்லை. திட்டியிருந்தால் நானும் திருப்பிக் கதைத்திருப்பேன். யன்னலால் கார்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். நான் இரண்டு தரிப்பு முந்தியே இறங்கி நடந்தேன்.

தங்கையின் கதை நீளமானது அல்ல. அப்பா பார்த்துச் செய்துவைத்த கலியாணம். கட்டியவன் அடித்தான். அவள் பொறுத்து, பிறகு பொறுக்காமல் பொலிசைக் கூப்பிட்டாள். "வீட்டு விசயத்தைப் பொலிசிலை போய்ச் சொல்லுற பிள்ளை எனக்கு இல்லை" என்றார் அப்பா. அவள் இரண்டு பெண்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பக்கத்து நகரமான அஜக்ஸுக்குப் போய்விட்டாள். அவனோ ஞாயிறு தவறாமல் மீனும் வாங்கிக்கொண்டு அப்பாவைப் பார்க்க வருவான், ஆஸ்பத்திரிக்கு ஏற்றி இறக்குவான். ஆறு வருடத்துக்கு முன் அப்பா செத்தபோது, லண்டனிலிருந்து பெரியண்ணை தொலைபேசியில் சொன்னார்: "அவளின்ரை பேரைப் போட்டால் நான் பிளேன் ஏறமாட்டன்."

நான் உயர மேசைக்கு முன் நின்று எழுதினேன். பாசமிகு தந்தை என்ற இடத்தில் அண்ணன் தம்பி எங்கள் இரண்டு பேரின் பெயரும் வந்தன. மருமகன் என்ற இடத்தில் அவனுடைய பெயர் வந்தது. மகள் இல்லாத மருமகன். அப்படி ஒரு விசித்திரமான அறிவித்தலை வேறு எந்தக் குடும்பத்துக்கும் நான் எழுதியதில்லை. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா ஒன்றும் சொல்லாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மௌனம் சம்மதம் என்பது எங்களைப் போன்றவர்கள் வசதிக்கு வைத்திருக்கிற பழமொழி. சொன்னது அண்ணை, ஆனால் எழுதிய விரல் என்னுடையது. பெயரைப் போட்டுவிட்டு, வாறதென்றால் வாங்கோ என்று என்னால் சொல்லியிருக்க முடியும். பயந்தேன். அவ்வளவுதான்.

தேநீர்ப் பொய்க்குப் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்தக் கிழமை ஒரு அறிவித்தலில் உயிரோடிருக்கிற சகோதரரைக் காலஞ்சென்றவராக்கி விட்டேன், அவரே தொலைபேசி எடுத்துப் பேசினார். வீட்டில் நடந்தேன், பிளாசாவில் நடந்தேன். "என்ன, காலில சக்கரம் பூட்டியிருக்கோ?" என்றார் மனைவி. பத்தாம் நாள் ஜப்பான் அக்காவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குறிப்புப் புத்தகத்தைத் தொடவில்லை.

"எழுதவில்லையா?"

"முதல் தரம் எழுத மாட்டேன், தெரியும்தானே" என்றார். பிறகு சொன்னார்: "அறிவித்தல் எழுதுகிறவரைப் பற்றி, உங்களைப் பற்றி, ஒரு அத்தியாயம் இருக்கிறது. இது இல்லாவிட்டால் அது பொய். இது இருந்தால், உங்கள் தங்கை முதலில் கேட்க வேண்டும்."

அவளிடம் போக முடியாது என்றேன். ஆங்கிலத்தில் முடியாது என்று ஒரு தரமும் தமிழில் இரண்டு தரமும் சொன்னேன். அவர் வற்புறுத்தவில்லை. மூன்று நாள் கழித்து ஒரு மின்னஞ்சல் வந்தது. அந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டாராம். நீங்கள் வருந்த வேண்டாம் என்று எழுதியிருந்தார். அது இல்லாவிட்டால் புத்தகத்துக்கு நடு இல்லை என்று எனக்குத் தெரியும், நான்தானே பாதியை மொழிபெயர்த்தவன். அடுத்த மாதம் அவர் பதிப்பாளருக்குக் கொடுக்க வேண்டும். அறுபத்துமூன்று வயதில், கடைசிப் புத்தகத்தை, என் கோழைத்தனத்துக்காக வெட்டிவிட்டு வருந்த வேண்டாம் என்கிறார்.

எனக்குக் கோபம் வந்தது. யார் இவர் என்னை விட்டுவிட? என் வீட்டு ஆட்கள் ஒருவரும் என்னைக் கேள்வி கேட்கவில்லை, அதுவே ஆறு வருடமாக என்னைத் தின்றுகொண்டிருந்தது. இப்போது இவரும் கேட்காமல் போகிறார். அவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, அத்தியாயத்தை எடுக்க வேண்டாம், அஜக்ஸுக்குத் தங்கையிடம் போவோம் என்றேன்.

தங்கையின் தொலைபேசி இலக்கம் என்னிடம் இல்லை. அம்மா எங்களோடுதான் இருக்கிறார், எண்பத்துநாலு வயது. யாரிடம் கேட்டால் கிடைக்கும் என்று தயங்கித் தயங்கி அம்மாவிடம் கேட்டேன். அம்மா எந்தப் புத்தகத்தையும் பார்க்காமல் பத்து இலக்கத்தையும் கடகடவென்று சொன்னார். நான் எழுதி முடிக்கவில்லை, திரும்பவும் சொன்னார்.

அழைத்து, புத்தகத்தின் விசயத்தைச் சொல்லி, வரலாமா என்று கேட்டேன். "சனிக்கிழமை மத்தியானம் எனக்கு வேலை இல்லை" என்றாள்.

நானூற்றொன்று நெடுஞ்சாலையில் நான் கார் ஓடிய ஓட்டத்தில் ஜப்பான் அக்கா இனிப்புப் பெட்டியை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார். தங்கையின் வீடு வரிசை வீடுகளில் ஒன்று. கதவைத் திறந்தவளின் தலையில் பாதி நரைத்திருந்தது. "வாங்கோ" என்று அவரை அழைத்தாள். என்னையும் "வாங்கோ" என்றாள். சின்ன வயதில் என்னை நீ, வா, போ என்றுதான் சொல்வாள்.

வரவேற்பறையில் இருந்ததும் ஜப்பான் அக்கா தாள்களை எடுத்தார். அவர் ஒரு வரி வாசிக்க நான் ஒரு வரி தமிழில் சொல்வதாக ஏற்பாடு என்று ஆரம்பித்தேன்.

"எனக்கு இங்கிலிஷ் விளங்கும். நீங்கள் சும்மா இருங்கோ" என்றாள் தங்கை.

பிறகு எனக்கு வேலையே இல்லாமல் போயிற்று. ஜப்பான் அக்கா மெல்ல, ஒவ்வொரு சொல்லாக, நான் சொன்னதையும் சேர்த்து எழுதியிருந்ததை ஆங்கிலத்தில் வாசித்தார். நின்றபடி வேலை செய்யும் ஒருவர், மேசையில் குத்தும் வாடிக்கையாளர்கள், பிளேன் ஏறாத அண்ணை, ஒன்றும் சொல்லாமல் சுவர்ப் பக்கம் திரும்பிய தாய், எல்லோரும் அதில் வந்தார்கள். எழும்பிப் போகவேண்டும் என்று என் கால் துடித்தது. முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இருந்தேன். தங்கை முகத்தை அசைக்காமல் கேட்டாள். அவள் பெயர் விடப்பட்ட இடம் வந்தபோது மட்டும் சோபாவில் ஒட்டியிருந்த ஒரு நூலைப் பிடுங்கினாள்.

வாசித்து முடிந்தது. பிழை ஏதும் இருக்கிறதா என்று ஜப்பான் அக்கா கேட்டார்.

"ஒரு இடம்" என்றாள் தங்கை ஆங்கிலத்தில். "அம்மா ஒன்றும் சொல்லாமல் இருக்கவில்லை."

அன்றைக்கு அம்மா குளியலறைக்குள் போய், தண்ணீரைத் திறந்துவிட்டு, அவளுக்குத் தொலைபேசி எடுத்திருக்கிறார். எந்த மண்டபம், உடலை எத்தனை மணிக்குப் பார்வைக்கு வைப்பார்கள் என்று சொல்லியிருக்கிறார். ஐந்து மணிக்குச் சனம் வரும். அவள் நாலு மணிக்கே போய், அங்கே வேலை செய்கிறவரிடம் மகள் என்று சொல்லியிருக்கிறாள். அந்த வெள்ளைக்காரர் ஒன்றும் கேட்காமல் கதவைத் திறந்துவிட்டார். கால் மணி நேரம் அப்பாவோடு தனியாக நின்றிருக்கிறாள். எங்கள் கார்கள் வருமுன் பஸ் ஏறிவிட்டாள்.

"அப்பாவின் கழுத்துப்பட்டி ஒரு பக்கம் கோணிக் கிடந்தது. நான்தான் நேராக்கினேன்" என்றாள்.

ஜப்பான் அக்கா அப்போதுதான் குறிப்புப் புத்தகத்தைத் திறந்தார். இதை எழுதலாமா என்று கேட்டார். எழுதுங்கள் என்றாள் தங்கை. ஆறு வருடமாக, அவள் அப்பாவின் முகத்தையே பார்க்கவில்லை என்று நினைத்து நான் குறுகிக்கொண்டிருந்தேன். பார்த்திருக்கிறாள் என்றதும் ஆறுதல் வந்தது. அந்த ஆறுதலுக்காகவே வெட்கமாகவும் இருந்தது. பின்வாசலால் வந்துபோக விட்டவன் நான்தானே. அழுதேன். இரண்டு பெண்களுக்கு முன்னால், மூக்கு ஒழுக, பெரிய சத்தமாக.

"என்னை மன்னிச்சுக்கொள்" என்றேன்.

அவள் பேப்பர் துவாலையை எடுத்துத் தந்துவிட்டு, என் எதிரில் வந்து இருந்தாள்.

"அண்ணை, அம்மாவுக்கு எண்பத்திநாலு."

"ஓம்."

"அம்மாவுக்கு ஒண்டு நடந்தால் நோட்டீஸ் ஆர் எழுதுறது?"

நான் அவளைப் பார்த்தேன். ஸ்காபரோவில் யார் செத்தாலும் எழுதுகிறவன் நான்.

"அதை நான் எழுதுறன்" என்றாள். பிறகு குரலை உயர்த்தாமல், "உங்கடை பேரை விடமாட்டன் அண்ணை. பயப்பிடாதேங்கோ" என்றாள்.

அடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.